புல், மணல், சேறு, படிக்கட்டு: சைக்ளோ-கிராஸ் கேள்வி–பதில்

சைக்கிளை மிதித்தும், இறங்கி ஓடியும், தோளில் தூக்கியும் முடிக்கிற குளிர்காலப் பந்தயமான சைக்ளோ-கிராஸ் பற்றிப் போன இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். "இது என்ன கூத்து?" என்பதில் தொடங்கி, டயரில் எவ்வளவு காற்று என்பது வரை தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் சொல்லியிருக்கிறோம்.

அமஷோவா சாலைப் பந்தயத்தில் இரண்டு முறை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை ஓட்டியிருக்கிறேன். சைக்ளோ-கிராஸ் அதிலிருந்து எப்படி மாறுபடுகிறது? எத்தனை கிலோமீட்டர்?
— கல்லூரி மாணவர், ஃபீனிக்ஸ்

இதில் தூரம் கணக்கில்லை, நேரம்தான் கணக்கு. 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் வரை நீளமுள்ள ஒரு பாதையில் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். முன்னணி ஆண்களுக்கு ஏறக்குறைய 60 நிமிடம், பெண்களுக்கு 50, ஜூனியர்களுக்கு 40. உள்ளூர்ப் போட்டிகளில் புதியவர்களுக்கு 30 அல்லது 40 நிமிடம் வைப்பார்கள். தலைமையில் போகிறவர் முதல் சுற்றுகளை எடுத்த வேகத்தைப் பார்த்துத்தான் மொத்தம் எத்தனை சுற்று என்று நடுவர்கள் தீர்மானிப்பார்கள். சுற்றுக்கு 7 நிமிடம் என்றால் 40 நிமிடப் போட்டிக்கு ஆறு சுற்று வரும். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்.

பாதையில் புல், மண், மணல், மேடு, படிக்கட்டு எல்லாம் கலந்திருக்கும். மரப்பலகைத் தடுப்புகளின் உயரம் 40 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ.யின் விதிப்படி பாதையில் 90 சதவீதமாவது உட்கார்ந்து ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அகலம் எங்கும் 3 மீட்டருக்குக் குறையக்கூடாது. அதாவது, நீங்கள் ஓடப்போவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில்தான் புதியவர்கள் இடத்தை இழக்கிறார்கள்.

அமஷோவாவின் 106 கிலோமீட்டரை முடித்த கால்கள் உங்களுக்கு இருக்கின்றன. இல்லாதது வளைவில் திரும்பும் பழக்கம். ஒரு சுற்றில் முப்பது, நாற்பது திருப்பங்கள் வரலாம். ஒவ்வொன்றிலும் வேகம் இறங்கி, மறுபடி எழுந்து மிதித்து ஏற்ற வேண்டும். சாலையில் ஒருவர் பின்னால் ஒளிந்துகொண்டு காற்றைத் தவிர்ப்பது போல இங்கே ஓய்வெடுக்க முடியாது.

இது புதிதாக வந்த விளையாட்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வெருலம்

நூறு வருஷத்துக்கு மேல் பழையது, ஐயா. பிரான்சின் முதல் தேசியப் போட்டி 1902-இல் நடந்தது. 1910-இல் டூர் டி பிரான்ஸ் வென்ற ஒக்டாவ் லாபீஸ் இதில் பயிற்சி எடுத்தவர் என்பதால் சாலை வீரர்களிடையேயும் பேர் பரவியது. முதல் உலகப் போட்டி 1950-இல் பாரிசில். வென்றவர் ழான் ரோபிக். பெண்களுக்கு உலகப் போட்டி வைக்க 2000 வரை ஆகிவிட்டது, அது வெட்கக்கேடுதான். அதன் பிறகு நெதர்லாந்தின் மரியானே வோஸ் எட்டு முறை வென்று ஈடுகட்டினார். ஐரோப்பாவுக்கு வெளியே உலகப் போட்டி முதன்முறையாகப் போனது 2013-இல், அமெரிக்காவின் லூயிவில் நகரத்துக்கு. அதே வருஷம் மவுன்டன் பைக் உலகப் போட்டி நம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் காஸ்கேட்ஸ் பூங்காவில் நடந்தது நினைவிருக்கும்.

என்னிடம் ஒரு மவுன்டன் பைக்கும் அப்பாவின் பழைய ரோடு சைக்கிளும் இருக்கின்றன. சைக்ளோ-கிராஸ் சைக்கிள் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதை எடுத்துக்கொண்டு போகலாம்?
— மின்பணியாளர், மெரிபேங்க்

முதல் வருஷம் ஒரு ராண்ட் கூடப் புது சைக்கிளுக்குச் செலவழிக்காதீர்கள், தம்பி. மவுன்டன் பைக்கை எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளூர்ப் போட்டிகளில் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்க சஸ்பென்ஷனில் பூட்டு இருந்தால் பூட்டிவிடுங்கள்.

ரோடு சைக்கிள் வேண்டாம் என்பதற்குக் காரணம் இடைவெளி. சைக்ளோ-கிராஸ் டயரின் அகலம் 33 மி.மீ.; யு.சி.ஐ. போட்டிகளில் அதுதான் உச்ச வரம்பு. அப்பா காலத்துச் சைக்கிளின் ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் 25 அல்லது 28 மி.மீ. டயர் நுழைவதே பெரிய விஷயம். ஈரப் புல்லும் மண்ணும் சேர்ந்து பிரேக்குக்கு அடியில் அடைத்துக்கொண்டால் சக்கரமே சுற்றாது.

கிளம்புமுன் தண்ணீர்ப் பாட்டில் கூடு, சீட்டுக்கு அடியில் உள்ள பை, பம்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். தோளில் தூக்கும்போது பாட்டில் கூடு விலா எலும்பில் குத்தும். ஹேண்டில்பார் முனைகளில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த குழாய் முனை விழுந்தவர் தொடையை வட்டமாக வெட்டும், மூடி இல்லாமல் பல இடங்களில் ஓடவே விடமாட்டார்கள். சீட் போல்ட்டை ஒருமுறை இறுக்குங்கள், ஏனென்றால் நீங்கள் அதன் மேல் திரும்பத் திரும்பத் தாவி உட்காரப் போகிறீர்கள். சரியாக இறுகாத சீட் இரண்டாவது சுற்றில் மூக்கை வானத்துக்குத் தூக்கிவிடும்.

பின்னாளில் வாங்கினால், முன்னால் 38 அல்லது 40 பல் கொண்ட ஒற்றைப் பற்சக்கரம், பின்னால் 11 முதல் 34 பல் வரை போதும். அதைவிட இலேசான கியர் தேவைப்படும் மேட்டை ஓடியே ஏறிவிடலாம்.

தடுப்புக்கு முன்னால் இறங்கி, தாண்டி, மறுபடி ஏறுவதை வீடியோவில் பார்த்தால் சுலபமாக இருக்கிறது. மைதானத்தில் செய்து பார்த்தால் கால் சிக்கி விழுகிறேன். படிப்படியாகச் சொல்லுங்கள், அண்ணா.
— சாட்ஸ்வொர்த் வாசகர்

வீடியோவில் பார்ப்பது வேகத்தில். நீங்கள் கற்க வேண்டியது நடை வேகத்தில்.

இறங்குவது எப்போதும் இடப்பக்கம். செயின் வலப்பக்கம் இருப்பதால். தடுப்புக்குப் பத்து மீட்டர் முன்பே, ஏறிய பிறகு என்ன கியர் வேண்டுமோ அதை மாற்றிவிடுங்கள். பிறகு உங்களால் ஓட முடிகிற வேகத்துக்கு பிரேக் பிடியுங்கள். இடது பெடல் கீழே இருக்க, அதில் நின்று, வலது காலைப் பின்புறமாகச் சீட்டுக்கு மேல் சுழற்றி இடப்பக்கம் கொண்டு வாருங்கள். இப்போது இரண்டு காலும் ஒரே பக்கம். வலது கை ஹேண்டிலை விட்டு மேல் குழாயைப் பிடிக்கும். இடது கை பிரேக் லீவர் மேலேயே இருக்கும். வலது கால் முதலில் தரையில் பட்டு, அதே வேகத்தில் ஓட்டம் தொடங்க வேண்டும்.

கால் சிக்குவது எங்கே என்று ஊகிக்க முடிகிறது. க்ளீட் ஷூ (பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ) போட்டவர்கள், முழு எடையும் இடது காலில் இறங்கிய பிறகு குதிகாலைத் திருப்பி விடுவிக்கப் பார்க்கிறார்கள். எடை அழுத்தும்போது க்ளீட் எளிதில் கழலாது; உடம்பு முன்னே போகும், கால் சைக்கிளோடு நிற்கும். வலது காலைத் தூக்குவதற்கு முன்பே இடது க்ளீட்டைக் கழற்றிவிட்டு, பாதத்தைப் பெடல் மேல் சும்மா வைத்திருங்கள். பழகும்வரை சாதாரண ரப்பர் ஷூவும் தட்டைப் பெடலுமே மேல்.

இன்னொன்று: உங்கள் இடது லீவர் எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்று பாருங்கள். நம் நாட்டில் ஓடும் சைக்கிள்களில் இரண்டு விதமும் உண்டு. இடது லீவர் முன் சக்கரத்துக்கு என்றால், ஒற்றைக் கையோடு இறங்கும் நேரத்தில் பதறி அதை அழுத்தக்கூடாது. பின்சக்கரம் எழும்பி உங்கள் முதுகில் வரும். கடையில் கொடுத்து மாற்றிக்கொள்வது நல்லது.

தடுப்பைத் தாண்டும்போது மேல் குழாயைப் பிடித்தபடி சைக்கிளைப் பெட்டி தூக்குவதுபோல் தூக்கினால் போதும். படிக்கட்டு, நீண்ட மேடு என்றால் தோளில் போடுங்கள்: வலது கையால் கீழ்க் குழாயைப் பிடித்துத் தூக்கி, மேல் குழாயைத் தோளில் வைத்து, அதே கையைக் கீழ்க் குழாய்க்கு அடியில் முன்னே நீட்டி ஹேண்டிலின் இடது வளைவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படிப் பிடிக்காவிட்டால் முன்சக்கரம் திரும்பி முழங்காலில் அடிக்கும்.

இனி ஏறுவது. இதுதான் எல்லோரையும் அழவைப்பது. இரண்டு கையும் ஹேண்டிலில். இடது காலால் உந்தி, வலது தொடையின் உட்பக்கம் சீட்டில் படும்படி பாய்ந்து, அங்கிருந்து நடுவுக்கு வழுக்கி வர வேண்டும். பக்கி (பிக்-அப்) வண்டியின் பின்பலகையில் ஒரு தொடையை வைத்து நகர்ந்து உட்காருவீர்களே, அந்த அசைவுதான். மேலே எம்பிக் குதித்துச் சீட் மேல் விழுவது தப்பு. ஆண்களுக்கு அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பயத்தால்தான் உந்துவதற்கு முன் இடது கால் தத்தித் தத்தி இரண்டு அடி கூடுதலாக வைக்கும். அந்தத் தத்தல் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வருஷக்கணக்கில் போகாது. போக்க வழி: சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள், இடது, வலது, இடது, ஏறு. நடையில் இருபது முறை தத்தாமல் வந்த பிறகே மெல்லோட்டம்.

பயிற்சிக்கு மரப்பலகையைத் தரையில் அறைந்து நிறுத்தாதீர்கள். இரண்டு செங்கல் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய், 20 சென்டிமீட்டர் உயரம், தட்டினால் உருண்டு விழ வேண்டும். அப்படி இரண்டு, நான்கு மீட்டர் இடைவெளியில் வைத்தால் போதும்.

இங்கே ஜூன், ஜூலையில் விடிகாலை உறைபனி, தரை கல் போல. டெவில் தார்ன் முள் வேறு. டயரில் எவ்வளவு காற்று அடிப்பது?
— இரு வாசகர்கள், லெனேசியா

நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. விலையுயர்ந்த சைக்கிளில் தப்பான காற்றோடு வருகிறவரை, சாதாரண சைக்கிளில் சரியான காற்றோடு வருகிறவர் வளைவிலேயே முந்திவிடுவார்.

65 கிலோ எடையுள்ளவர், 33 மி.மீ. டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 1.6, பின்னால் 1.8 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு) தொடங்குங்கள். உள்ளே ட்யூப் இருந்தால் 2.2, 2.4. மவுன்டன் பைக்கின் 2.2 அங்குல டியூப்லெஸ் டயருக்கு 1.4, 1.5 போதும். ஒவ்வொரு 10 கிலோ கூடுதல் எடைக்கும் சுமார் 0.1 பார் ஏற்றுங்கள். பிறகு பாதையில் ஒரு சுற்று வந்து, 0.1, 0.1 ஆகக் குறைத்துப் பாருங்கள். வேரில் ஏறும்போது ரிம் ஒருமுறை 'டொக்' என்று தட்டினால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். ஒவ்வொரு மேட்டிலும் தட்டினால் மிகக் குறைவு. ட்யூப் போட்டவர்களுக்கு அந்தத் தட்டலே பங்ச்சர்: ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, அருகருகே இரண்டு கீறல் விழும்.

வீட்டுப் பம்பின் மீட்டரை நம்பாதீர்கள். 11 பார் வரை காட்டும் மீட்டரில் 1.5-க்கும் 1.8-க்கும் முள் அசைவது கண்ணுக்கே தெரியாது. 4 பாருக்குள் அளக்கும் தனி மீட்டர் ஒன்று வாங்குங்கள். இந்த விளையாட்டில் முதலில் காசு போட வேண்டிய இடம் அதுதான்.

ஜொகானஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் இன்னும் ஒரு சிக்கல். இரவு 20 டிகிரி அறைக்குள் 1.8 பார் அடித்துவிட்டு, காலை 2 டிகிரியில் மைதானத்தில் நின்றால் மீட்டர் 1.65 அளவுக்கு இறங்கியிருக்கும். டர்பனிலிருந்து வருகிறவர்களுக்கு நேர்மாறு: கடல்மட்டத்திலிருந்து ஜொகானஸ்பர்க்கின் 1,750 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அதே டயர் 0.2 பார் வரை கூடுதலாகக் காட்டும். ஆகவே போட்டிக்கு அரை மணி முன்பு, மைதானத்திலேயே அளந்து சரிசெய்யுங்கள்.

முள்ளுக்கு வருவோம். டெவில் தார்ன் என்று நீங்கள் சொல்வது நம் நெருஞ்சிதான். குளிர்காலத்தில் செடி காய்ந்து, முள் மட்டும் புல்லுக்குள் கிடக்கும். ட்யூப் போட்டால் ஒரு சுற்றில் மூன்று துளை நிச்சயம். டியூப்லெஸ்ஸும், துளையை அடைக்கும் சீலன்ட் திரவமும் தவிர வேறு வழி இல்லை. 33 மி.மீ. டயருக்கு 50 மில்லி, மவுன்டன் பைக் டயருக்கு 90 முதல் 100 மில்லி. குத்திய முள்ளைப் போட்டிக்கு முன் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பானாக இருக்கிறது. முடிந்த பிறகு பிடுங்கி, துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தால் சீலன்ட் அங்கே தேங்கி அடைக்கும். இரண்டு மூன்று மாதத்தில் சீலன்ட் உள்ளேயே காய்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள், தளதளவென்ற சத்தம் கேட்காவிட்டால் ஊற்ற வேண்டிய நேரம்.

கடற்கரை மணலில் பழகுகிறேன். பத்து மீட்டருக்குள் முன்சக்கரம் புதைந்து நின்றுவிடுகிறது.
— டொங்காட் வாசகி

ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துத் திருப்பப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மணலில் முன்சக்கரத்தைத் திருப்பினால் அது கலப்பையாகிவிடும். நுழையுமுன் வேகம் எடுங்கள். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பல் கனமான கியர். உடம்பு கொஞ்சம் பின்னால், கைகள் தளர்வாக. முன்னே போனவர்களின் தடம் இருந்தால் அதற்குள் விழுந்து, தடம் இழுக்கும் பக்கம் போங்கள். திசை மாற்ற இடுப்பைச் சாய்த்தால் போதும். மிதிப்பதை நிறுத்தவே கூடாது. வேகம் நடை வேகத்துக்கு இறங்கியதும், நிற்கும்வரை காத்திராமல் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டு, இறுகிய ஓரமாக ஓடுங்கள்.

அலை நனைத்த கெட்டி மணலில் பழகினால் எதுவும் கற்கமாட்டீர்கள், அக்கா. உலர்ந்த மணல்தான் பாடம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்பு ஓர் இரவில் துருவைக் கொண்டுவந்துவிடும்.

உங்கள் பக்கத்துக் கரும்புக் காட்டுச் சாலைகள் நல்ல பயிற்சிக் களம்தான், உரிமையாளர் அனுமதி இருந்தால். வெட்டிய கரும்பின் அடிக்கட்டை மேல் மட்டும் ஏறாதீர்கள். டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். அந்தக் கிழிசலைச் சீலன்ட் அடைக்காது.

கேப் டவுனில் குளிர்காலம் என்றால் மழைதான். சேற்றில் என்ன செய்வது?
— ரைலண்ட்ஸ் வாசகர்

குளிர்காலத்தில் மழை பெய்யும் உங்களுக்குத்தான் ஐரோப்பியச் சைக்ளோ-கிராஸின் உண்மையான ருசி. நாங்கள் இங்கே டர்பனில் புழுதியில் வழுக்குகிறோம்.

காற்றை இன்னும் 0.1 முதல் 0.2 பார் குறையுங்கள். நடுப்பாதை கடைந்த மோராகியிருந்தால் பாதையோரக் கயிற்றை ஒட்டிய புல்லைப் பிடியுங்கள். பக்கவாட்டுச் சரிவில் மேலேயே நுழையுங்கள், எப்படியும் கீழே சறுக்கத்தான் போகிறீர்கள். மேட்டுப் பக்கப் பெடலை உயர்த்தி, பள்ளத்துப் பக்கப் பெடலில் எடையை வையுங்கள். முன் பிரேக்கைச் சரிவில் தொடவேண்டாம்.

மண்ணும் மணலும் கலந்த சேற்றில் ரெசின் பிரேக் பட்டை ஒரே போட்டியில் தேய்ந்து தீரலாம். உலோகக் கலவைப் பட்டை சத்தம் போடும், ஆனால் நிற்கும். பட்டையில் 1 மி.மீ. கூட மிச்சமில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

பெரிய போட்டிகளில் வீரர்கள் அரைச் சுற்றுக்கு ஒருமுறை சைக்கிளையே மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கென்று ஒதுக்கிய 'பிட்' பகுதியில் மட்டுமே மாற்றலாம். அதைத் தாண்டியபின் ஏதாவது உடைந்தால் அடுத்த பிட் வரை தள்ளிக்கொண்டோ தூக்கிக்கொண்டோதான் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. கழுவும்போது அழுத்தக் குழாயைச் சக்கர நடுப்பகுதி, பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து ஆகிய இடங்களுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். பேரிங்குக்குள் தண்ணீர் போய் கிரீஸை வெளியேற்றிவிடும்.

வேலை முடிந்து வாரத்தில் நாலைந்து மணி நேரம்தான் கிடைக்கும். போதுமா?
— செவிலியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தாராளம். ஒரு நாள் 45 நிமிடம் இறங்கி ஏறுவதும் திருப்பங்களும் மட்டும். ஒரு நாள் கடுமை: பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, 30 விநாடி முழு வேகம், 30 விநாடி மெதுவாக என்று ஆறு முறை, ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி ஆறு. சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் நிதானமாக ஓட்டுங்கள். இருமுறை 15 நிமிட மெல்லோட்டம், மேடு இருந்தால் நல்லது. ஓட்டத்தைத் திடீரென்று கூட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சைக்கிள்காரர்களின் கெண்டைக்கால் தரையில் மோதிப் பழகாதது.

புறப்பாட்டையும் பழகுங்கள். ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில், நடுத்தர கியர். 15 விநாடி பாய்ச்சல், மூன்று நிமிட ஓய்வு, ஆறு முறை. முதல் வளைவுக்குப் பின் பாதை குறுகிவிடும். அங்கே பின்வரிசையில் மாட்டியவர் நின்று நின்றுதான் போக முடியும்.

ஆடி மாதக் கூழ் ஊற்றும் ஞாயிறுகளில் போட்டி வந்தால் என்ன சாப்பிடுவது?
— கேள்வி கேட்டவர் பெயர் வேண்டாம் என்றார்

கூழ் போட்டிக்குப் பிறகு. முன்னால் என்றால் மூன்று மணி நேரத்துக்கு முன் மீலி மீல் (சோள மாவு) கஞ்சி ஒரு கிண்ணம், ஒரு வாழைப்பழம். பருப்பும் பீன்ஸும் வேண்டாம், வயிறு குலுங்கும். 40 நிமிடப் போட்டிக்குள் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ தேவைப்படாது.

பன்னிரண்டு வயது மகள் கேட்கிறாள். ஆபத்தா?
— தாய், சாட்ஸ்வொர்த்

கார் ஓடும் சாலையைவிடப் பயம் குறைவு. வேகம் குறைவு, விழுவது பெரும்பாலும் புல்லில். சிராய்ப்பும் மணிக்கட்டுச் சுளுக்கும் வரலாம். முழு விரல் கையுறையும், ஆடாமல் பொருந்தும் ஹெல்மெட்டும் கட்டாயம். பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு, குறுகிய நேரம் வைப்பார்கள். தடுப்பை அவள் நின்று, சைக்கிளை அந்தப் பக்கம் எடுத்து வைத்துத் தாண்டினாலும் பரவாயில்லை.

என்னை எல்லோரும் சுற்று முந்திப் போனால் வெளியே அனுப்பிவிடுவார்களா?
— ஸ்டாங்கர் வாசகர்

பெரிய போட்டிகளில் 80 சதவீத விதி உண்டு: முன்னணியாளரின் முதல் சுற்று 7 நிமிடம் என்றால், 5 நிமிடம் 36 விநாடிக்கு மேல் பின்தங்கியவரை நிறுத்திவிடுவார்கள். உள்ளூரில் புதியவர்களை அப்படிச் செய்வது அரிது. முன்னணியாளர் முடிக்கும்போது நீங்கள் இருக்கும் சுற்றோடு உங்கள் போட்டியும் முடியும். பின்னாலிருந்து சத்தம் கேட்டால் பதறி ஓரம் பாயாதீர்கள், முந்துகிறவரும் அந்த ஓரத்தையே குறிவைத்திருப்பார். உங்கள் கோட்டில் நேராகப் போங்கள், அவர் சுற்றிக்கொள்வார்.